எட்டு ஞாயிறு, ஒரு பூச்சாடி: மதுரையில் ஓர் எண்ணெய் வண்ண வகுப்பு

இந்த வகுப்புக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலில் நேரடிப் பதில். போகலாம், கொடுக்கிற காசுக்குத் தகும். பூக்களின் பொருளைப் பற்றி நடத்தும் ஆறாவது ஞாயிறு மட்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. அதைக் கீழே நீளமாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல நிறைய இருப்பது அந்த இடத்தில்தான்.

வகுப்பு தல்லாகுளம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. நடத்துபவர் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், அதனால் சார் என்றே எழுதுகிறேன். பழைய டச்சு முறையில் ஒரே ஒரு பூச்சாடி ஓவியத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை செய்ய வைக்கிறார். எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை 9 முதல் 1 மணி வரை, மொத்தம் ஒன்பது பேர். கட்டணம் 6,500 ரூபாய். பலகை, வண்ணம், தூரிகை எல்லாம் நம் செலவு, எனக்கு இன்னொரு 2,800 ஆனது. இந்த முறை அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கினார்கள்.

நான் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவன். பதினோரு வருஷமாகப் பத்திரிகையின் மூலையில் ரோஜாக் கொத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ரோஜாவில் ஓர் இதழ்கூடக் காய்ந்தது இல்லை, ஓர் இலையில்கூட ஓட்டை கிடையாது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இணையத்தில் தருகிறது. ஒரு நாள் இரவு அதில் ராகேல் ராய்ஷ் என்ற பெண்மணி வரைந்த பூக்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். பூச்சி அரித்த இலை, பாரம் தாங்காமல் தலை சாய்ந்த காம்பு, இதழ் மேல் ஏதோ ஒன்று ஊர்ந்து போகிறது, எல்லாவற்றுக்கும் பின்னால் கிணறு மாதிரி இருட்டு. அந்தப் பெண்மணி 1664இல் பிறந்தவர், பத்துப் பிள்ளைகள் பெற்றவர், எண்பது வயது தாண்டியும் வரைந்துகொண்டிருந்தவர் என்று படித்ததும் தூக்கம் போய்விட்டது. அடுத்த வாரமே வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு முழுக்கப் பலகை தயார் செய்வதுதான். தூரிகையைத் தொடவே விடவில்லை. சிலருக்கு எரிச்சல், எனக்கு அது பிடித்திருந்தது. டச்சுக்காரர்கள் ஓக் பலகையிலும் செப்புத் தகட்டிலும் வரைந்தார்கள், நமக்குக் கிடைத்தது 9 மில்லிமீட்டர் பிளைவுட். தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசையைத் தண்ணீரில் ஊறவைத்து, நேரடித் தீ படாமல் சூடாக்கி, சாக் பவுடர் கலந்து, ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக ஐந்து பூச்சு. அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க முட்டை ஓடு மாதிரி வழவழப்பாகிறது. தஞ்சாவூர் ஓவியம் செய்து பார்த்தவர்களுக்குச் சுண்ணாம்புப்பொடியும் பசையும் பழகிய சங்கதிதான். இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், துணியின் நெசவு தெரியாத தரை இருந்தால்தான் இதழின் நரம்பை ஒற்றை மயிர்க்கோடாக இழுக்க முடியும். அதோடு, அடியில் இருக்கும் அந்த வெள்ளைதான் பின்னால் படத்துக்குள்ளிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதற்கு ஏழாவது வாரத்தில் வருகிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வடக்கு ஜன்னல்தான் ஓவியனுக்கு உகந்தது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும், நேர் வெயில் வராது, நிழல் நகராது. மதுரையில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது, அதனால் அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் வந்துவிடும். முதல் நாளே பதினோரு மணிக்கு மேஜை மேல் ஒரு வெயில் துண்டு விழுந்தது. சார் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து ஜன்னலில் கட்டினார். அறை முழுக்கப் பால் மாதிரி வெளிச்சம், இடப்பக்கமிருந்து, பழைய படங்களில் வழக்கமாக வருகிற அதே பக்கத்திலிருந்து. எந்தப் புத்தகத்திலும் இதைப் படித்ததில்லை, நம் ஊரில் வரைகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வரச்சொன்னார். செவ்வந்தி, கோழிக்கொண்டை, பட்டுரோஸ், சம்பங்கி, மரிக்கொழுந்து என்று ஆளுக்கு ஒரு பை. நான் சந்தோஷமாக எல்லாவற்றையும் ஒரே சாடியில் செருகி வரையத் தொடங்கினேன். சார் வந்து சாடியைக் காலி செய்து, ஒரே ஒரு செவ்வந்தியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, அந்த மாதிரிக் கொத்து எங்கேயுமே இருந்ததில்லை."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். அந்தப் பழைய படங்களில் டுலிப் இருக்கும், ரோஜா இருக்கும், ஐரிஸ் இருக்கும், கார்னேஷன் இருக்கும், எல்லாம் ஒரே சாடியில். ஆனால் ஐரோப்பாவில் அவை ஒரே சமயத்தில் பூப்பவை அல்ல. ஒவ்வொரு பூவையும் அது பூக்கும் காலத்தில் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு பலகையில் கோப்பார்கள். யான் புரூகல் என்ற ஓவியர் ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத சில பூக்களைப் பார்த்து வரைவதற்காக பிரஸ்ஸல்ஸ் வரை போனதாக 1606இல் எழுதியிருக்கிறார். யான் வான் ஹாய்சம் என்ற இன்னொரு ஓவியர் ஒரு மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படத்தை முடிக்க முடியவில்லை, அடுத்த வசந்தம் வரை பொறுக்க வேண்டும் என்று படம் கேட்டவருக்குக் கடிதம் போட்டார். லண்டன் நேஷனல் கேலரியில் அவருடைய படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு வருஷங்களும் எழுதியிருக்கின்றன. ஒரு கொத்து, இரண்டு கோடைகள்.

இதைக் கேட்ட பிறகு அந்தப் படங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கண்ணெதிரே இருந்த ஒன்றை அச்சு அசலாக நகல் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பூ தொடுக்கிறவர் விரலில் ஒவ்வொன்றாக வந்து சேருகிற மாதிரி, காலத்தையே ஒவ்வொன்றாகத் தொடுத்திருக்கிறார்கள். அன்று நான்கு மணி நேரமும் ஒரே செவ்வந்திதான் வரைந்தேன்.

மூன்றாவது வாரம் 'செத்த நிறம்'. டச்சு மொழியில் உள்ள பெயரே அதுதான். வண்ணம் எதுவும் இல்லாமல் மங்கலான பழுப்பிலும் சாம்பலிலும் முழுப் படத்தையும் ஒளி நிழலாக மட்டும் வைப்பது. எந்தப் பூ முன்னால், எது இருட்டுக்குள் பாதி, எது முதுகைக் காட்டுகிறது என்பதெல்லாம் இங்கேயே முடிவாகிவிடும். எல்லாப் பூவும் நம்மைப் பார்த்து நின்றால் அது பத்திரிகைப் பூ, இரண்டையாவது திருப்பு என்றார் சார். என் தொழில் அவருக்குத் தெரியாது, ஆனால் சரியாகப் போய்த் தைத்தது.

நான்கும் ஐந்தும் உடல் வண்ணம், அதாவது செத்த நிறத்தின் மேல் ஒவ்வொரு பூவின் நிறத்தையும் கெட்டியாக வைப்பது. இங்கே எனக்குக் கிடைத்த பெரிய பாடம் மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லி, வெள்ளைக்கு வேறு உதாரணமே தேவையில்லை, டியூபிலிருந்து வெள்ளையை அப்படியே எடுத்து வைத்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. சார் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து, "இதில் வெள்ளை எங்கே இருக்கு, காட்டு" என்றார். பார்த்தால் நிழலில் இருந்த இதழ் பச்சை கலந்த சாம்பல், காம்பு அருகே லேசான மஞ்சள், வெளிச்சம் படும் பக்கம்கூட வெண்ணெய் நிறம். உண்மையான வெள்ளை மூன்றே இடத்தில், அதுவும் அரிசி நுனி அளவு. அந்த மூன்று இடத்தை மிச்சம் வைப்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைக்கிறோம். போஸ்ஹார்ட் என்ற பழைய ஓவியர் வரைந்த பூச்சாடிகளை இப்போது பெரிதாக்கிப் பாருங்கள், வெள்ளைப் பூவில் எவ்வளவு சாம்பல் இருக்கிறதென்று தெரியும்.

ஏழாவது வாரம். இந்த ஒரு நாளுக்காகவே மொத்தக் கட்டணத்தையும் கொடுக்கலாம். ரோஜாவை முதலில் வெளிறிய இளஞ்சிவப்பில் கெட்டியாக வரைந்து காயவிட்டிருந்தோம். அதன் மேல் எண்ணெயில் கரைத்த அடர்சிவப்பை, மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்த அளவுக்கு மெல்லியதாக, தடவித் தடவி ஏற்ற வேண்டும். ஒளி இந்த மெல்லிய சிவப்புக்குள் நுழைந்து அடியில் உள்ள வெளிறிய பூச்சில் பட்டுத் திரும்பி வரும்போது, சிவப்பு வெளியில் பூசியதாகத் தெரிவதில்லை, உள்ளே எரிவதாகத் தெரிகிறது. என் கண் முன்னால் சப்பென்று இருந்த ஒரு பூ பத்து நிமிஷத்தில் ரத்த ஓட்டம் பிடித்தது.

அன்றுதான் எங்களோடு படித்த சௌராஷ்டிர அக்கா ஒருவர் வாய் திறந்தார். சுங்குடிச் சாயம் போட்ட குடும்பம். பழைய ஓவியர்கள் இந்தச் சிவப்பை ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்தார்கள் என்று சார் சொன்னதும், "சார், எங்க தாத்தா காலத்துச் சாயவேர்தானே இது?" என்று கேட்டார். செடி வேறு, சங்கதி ஒன்று. ஐரோப்பியர்கள் பயன்படுத்தியது நம் மஞ்சிட்டியின் உறவுக்காரச் செடி. அந்த வேரில் சிவப்பைத் தருகிற அலிசரின் என்ற பொருள் நம் சாயவேரிலும் இருக்கிறது. அதைச் செயற்கையாகத் தயாரிக்க 1868இல் ஜெர்மானியர்கள் கண்டுபிடித்த பிறகுதான் வேர் தோண்டுகிற தொழில் அழிந்தது. துணியில் ஊறிய அதே சிவப்பு பலகையில் ஏறி ரோஜாவாகியிருக்கிறது. அந்த அக்கா அன்று சிவப்பை ஏற்றிய லாவகத்தைப் பார்க்க வேண்டுமே, ஒரே நாளில் எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டார்.

செடிச் சாயத்துக்கு ஒரு குறையும் உண்டு, வெளுத்துப்போகும். பழைய பூ ஓவியங்களில் இலைகள் சில இடங்களில் ஏன் நீலமாக இருக்கின்றன என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். நீலத்தின் மேல் மஞ்சள் சாயத்தை ஏற்றிப் பச்சை ஆக்கியிருக்கிறார்கள், மஞ்சள் போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. சிவப்பும் அப்படித்தான், அதனால் டியூப் வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் வெளிச்சத்தைத் தாங்கும் தர அடையாளத்தைப் பார்த்து வாங்கச் சொன்னார். பழைய ஈய வெள்ளை, பாதரசம் கலந்த சாதிலிங்கம் இரண்டும் நஞ்சு என்பதால் வகுப்பில் கிடையாது, வெள்ளைக்கு டைட்டானியம்தான்.

பனித்துளி வரையும் முறையையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அதிகம். வெளிச்சம் இடமிருந்து வந்தால் துளியின் இடது மேல் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி, புள்ளியைச் சுற்றி இலையின் நிறத்தைவிட இருட்டு, எதிர்ப்பக்கம் இலையைவிட வெளிச்சம், துளிக்கு வெளியே அடியில் ஒரு சிறு நிழல். அவ்வளவுதான். துளிக்கென்று தனி வண்ணம் கிடையாது.

இப்போது ஆறாவது ஞாயிறு. அன்று தூரிகை இல்லை, ஒரு தாள் கொடுத்தார்கள். ரோஜா என்றால் காதல், லில்லி என்றால் தூய்மை, பாப்பி என்றால் உறக்கமும் மரணமும், பட்டாம்பூச்சி என்றால் உயிர்த்தெழுதல், ஈ என்றால் அழுகல். இடப்பக்கம் பூ, வலப்பக்கம் பொருள். வேறொருவர் வந்து நடத்தினார், ஒரு மணி நேரத்தில் வாசித்து முடித்தார். தாளில் இருப்பது தவறு இல்லை, அப்படியெல்லாம் பொருள் கொண்ட படங்கள் உண்டு. ஆனால் அகராதி மாதிரி மனப்பாடம் செய்தால் அந்தப் படங்கள் நம்மோடு பேசுவது நின்றுவிடும் என்பது என் கருத்து.

நமக்கு இது தெரியாத விஷயமா என்ன? வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான், தும்பை சூடினால் போர், வாகை சூடினால் வெற்றி. நிலத்துக்கே குறிஞ்சி, முல்லை என்று பூவின் பெயர். ஆனால் மரத்தில் இருக்கும் வாகைக்கு வெற்றி எதுவும் கிடையாது, சூடியவன் தலையில்தான் அதற்குப் பொருள் வருகிறது. அதே செவ்வந்தி மாலை காலையில் மீனாட்சி கோயிலுக்கும் போகும், மாலையில் பாடைக்கும் போகும். பூவின் பொருள் பூவில் இல்லை, அது போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறது.

டச்சு ஓவியங்களிலும் அப்படித்தான். மரியாளிடம் தேவதூதன் வரும் படத்தில் லில்லி இருந்தால் தூய்மை, சரி. விலை உயர்ந்த பத்துப் பூவோடு சாடியில் நிற்கும்போது அதே சொல்லை அப்படியே எடுத்து வைக்க முடியுமா? டுலிப்பை எடுங்கள். 1636இல் இங்கே திருமலை நாயக்கர் மகால் எழும்பியது, அதே வருஷக் குளிர்காலத்தில் ஹாலந்தில் டுலிப் கிழங்குக்கு வெறிபிடித்த மாதிரி விலை ஏறி, 1637 பிப்ரவரியில் சரிந்தது. மிக உயர்ந்த விலை போனது தீ நாக்கு மாதிரி வரி ஓடிய டுலிப்புக்கு. அந்த வரி ஒரு வைரஸ் நோயால் வந்தது, அசுவினிப் பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. அவர்கள் அழகென்று வரைந்தது ஒரு நோயை. இது எந்தப் பட்டியலிலும் வராது.

மண்டை ஓடு, மணல் கடிகாரம் வைத்த படங்கள் தனி, அவற்றுக்கு வானிட்டாஸ் என்று பெயர், தமிழ் பைபிளின் பிரசங்கியில் 'மாயை' என்று வரும் சொல்லின் லத்தீன் வடிவம். அங்கே பொருள் வெளிப்படை. பூ மட்டும் உள்ள படங்களில் எவ்வளவு போதனை, எவ்வளவு வெறும் கண் மகிழ்ச்சி என்பதில் ஆய்வாளர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். புரூகலிடம் படம் வாங்கிய மிலன் நகரக் கர்தினால் ஃபெடரிகோ பொரோமியோ, பனியில் எல்லாம் மூடிப்போன குளிர்காலத்தில் அந்தப் பூக்களைப் பார்த்து மகிழ்வதாக எழுதினார். பூ இல்லாத நாளே அறியாத ஊரில் இருந்துகொண்டு நாம் அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

என்னைக் கேட்டால், பொருள் பூவின் பெயரில் இல்லை, பூவின் நிலையில் இருக்கிறது. ஒரே சாடியில் மொட்டு, முழுதாய் விரிந்தது, இதழ் உதிரத் தொடங்கியது மூன்றும் இருக்கும், கீழே கல் விளிம்பில் ஒன்றிரண்டு இதழ் கிடக்கும். மாட்டுத்தாவணியில் மல்லி மொட்டாக இருக்கும்போதுதான் விலை, விரிந்துவிட்டால் அதைக் கேட்க ஆள் இல்லை. அந்த ஓவியர்களோ விரிந்து, இதழ் மடங்கி, இன்னும் அரை நாளில் கொட்டப்போகிற பூவுக்குத்தான் அதிக உழைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது வாரமும் ஏழாவது வாரமும் சார் கையால் சொல்லித்தந்தது இதைத்தான். அந்த ஆறாவது வகுப்பையும் அவரே, ஒரு வாடிய செவ்வந்தியை வைத்துக்கொண்டு நடத்தியிருக்கலாம். அவரிடமே சொன்னேன், அடுத்த முறை யோசிப்பதாகச் சொன்னார்.

வேறு குறைகள். டர்பன்டைன் வாடை அடைத்துக்கொள்கிறது, ஜன்னலில் வேட்டி கட்டியதும் காற்றும் நின்றுவிடுகிறது, ஒரு எக்ஸாஸ்ட் விசிறி அவசியம். அதைவிட முக்கியம், ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளை மூலையில் குவித்து வைக்கிறார்கள். இந்தத் துணிகள் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும், நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் வாளியில் போடுங்கள் என்று மூன்றாம் வாரமே சொன்னோம், ஐந்தாம் வாரம்தான் வாளி வந்தது. எட்டு வாரம் போதவும் போதாது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேல்பூச்சில் கூட என்பதுதான் விதி, மாறிப்போனால் பூச்சில் வெடிப்பு விழும், அதோடு ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். ஒரு வாரத்தில் காயாத இடங்களில் எனக்கு நிழல் கலங்கிவிட்டது. பத்து அல்லது பன்னிரண்டு வாரமாக்கினால் கட்டணம் கூட்டினாலும் சரிதான். மாடிப்படி செங்குத்து, வயதானவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

வரையவே தெரியாதவர்கள் போகலாமா என்றால், கொஞ்சம் பென்சில் பிடித்த பழக்கம் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் இருவர் எங்களோடு இருந்தார்கள், ஒருவர் பாதியில் நின்றுவிட்டார், இன்னொருவருடைய கோழிக்கொண்டை என்னுடையதைவிட நன்றாக வந்தது.

என் படம் இன்னும் முடியவில்லை. சரக்கொன்றை சித்திரையில் பூத்தபோதே ரேஸ்கோர்ஸ் பக்கம் நின்று தனியாக வரைந்து வைத்திருந்தேன், அதை மேலே தொங்கவிட்டிருக்கிறேன். கீழே இடப்பக்கம் ஒரு பூசணிப்பூ வேண்டும். எங்கள் தெருவில் அது மார்கழிக் கோலத்தில்தான் வரும், பத்து மணிக்குள் சுருங்கிவிடும். போட்டோவைப் பார்த்து வைத்துவிடவா என்று கேட்டேன், சார் வேண்டாம் என்றார். அந்த இடம் மட்டும் இன்னும் செத்த நிறத்திலேயே இருக்கிறது. மார்கழியில் கொண்டு வா, தனியாகக் காசு வேண்டாம், உட்கார்ந்து முடித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்.